பச்சை இறைச்சியும் வீட்டு நாயும்: ஃப்ரீசரில் வைத்தால் கிருமி செத்துவிடுமா?

கேள்வி: எங்கள் லாப்ரடார் ஜூலிக்கு வயது 3, எடை 25 கிலோ. கொஞ்ச நாளாக உலர் தீவனத்தை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். பச்சை இறைச்சி கொடுத்தால் ரோமம் பளபளக்கும், பல்லில் காறை படியாது, மூன்று நாள் ஃப்ரீசரில் வைத்தால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்கிறார் தோழி. கால்நடை மருத்துவரோ வேண்டவே வேண்டாம் என்கிறார். வீட்டில் 4 வயதுப் பையனும், மூட்டுவாதத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் மாமியாரும், ஒரு பூனையும் உண்டு. பாதுகாப்பாகக் கொடுக்க வழி இருக்கிறதா? எவ்வளவு கொடுக்க வேண்டும்? உலர் தீவனத்தோடு கலந்து கொடுத்தால் செரிக்காது என்பது உண்மையா?
— ஒரு வாசகி

பதில்: உங்கள் வீட்டில் இப்போதைக்கு வேண்டாம். ஜூலிக்கு ஆகாது என்பதால் அல்ல. பையனையும் மாமியாரையும் நினைத்துத்தான் சொல்கிறோம். 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், கர்ப்பிணிகள், 65 வயதைத் தாண்டியவர்கள், ஸ்டீராய்டோ கீமோதெரபியோ எடுப்பவர்கள் இருக்கும் வீட்டில் நாய்க்குப் பச்சை இறைச்சி கொடுப்பதை எந்த நிபந்தனையோடும் பரிந்துரைக்க முடியாது. உங்கள் வீட்டில் இரண்டு பேர் அந்தப் பட்டியலில் வருகிறார்கள்.

அதற்கு முன் ஒரு விஷயம். லாப்ரடார் சாப்பாட்டை மறுப்பது சாதாரணமல்ல. கிண்ணத்தை வைக்கும் முன்பே வாலாட்டுகிற இனம் அது. பல் உடைந்திருக்கிறதா, ஈறு வீங்கியிருக்கிறதா, பையன் சாப்பிடும்போது மேசைக்கு அடியில் எவ்வளவு உள்ளே போகிறது, தீவனப் பையைத் திறந்து எத்தனை வாரம் ஆகிறது என்று முதலில் பாருங்கள். திறந்த பையில் கொழுப்பு சிக்கெடுத்துப் போகும். நம் மூக்குக்குத் தெரியும் முன்பே நாய்க்குத் தெரிந்துவிடும். எடையும் குறைந்திருந்தால் உணவை மாற்றுவதற்கு முன் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

இனி ஃப்ரீசர். தோழி சொன்னதில் பாதிதான் சரி. உறைய வைத்தால் சில புழுக்களும் ஒட்டுண்ணிகளும் சாகும். சால்மோனெல்லா, கேம்பிலோபாக்டர், லிஸ்டீரியா, ஈ.கோலை போன்ற பாக்டீரியாக்களை ஃப்ரீசர் நம்பும்படி அழிப்பதில்லை. பெருகவிடாமல் நிறுத்தி வைக்கிறது, அவ்வளவுதான். இறைச்சி இளகியதும் அவை விட்ட இடத்திலிருந்து தொடங்கும். லிஸ்டீரியாவுக்கு அதுகூட வேண்டாம், சாதாரண ஃப்ரிட்ஜ் குளிரிலேயே மெல்லப் பெருகும். கடையில் பொட்டலமாகக் கிடைக்கும் உறைந்த பச்சை நாய் உணவும் விதிவிலக்கல்ல. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2010 முதல் 2012 வரை நடத்திய ஆய்வில், செல்லப் பிராணிகளுக்கான 196 பச்சை உணவு மாதிரிகளில் 15-இல் சால்மோனெல்லாவும் 32-இல் லிஸ்டீரியாவும் இருந்தன.

‘நாயின் வயிற்றில் அமிலம் அதிகம், கல்லையும் கரைக்கும்’ என்பார்கள். பெரும்பாலான நாய்கள் சால்மோனெல்லாவைத் தாங்கிக்கொள்வது உண்மைதான். ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நாய்க்கு ஒன்றும் ஆகாது, துள்ளி விளையாடும். ஆனால் கிருமி கலந்த ஒரே ஒரு வேளை உணவுக்குப் பிறகு ஒரு வாரம் வரைகூட மலத்தில் கிருமியை வெளியேற்றிக்கொண்டிருக்கும். அதே நாய் பின்பக்கத்தை நக்கும், ரோமத்தை நக்கும், பிறகு பையன் முகத்தை நக்கும். கிண்ணத்தை எவ்வளவு தேய்த்தாலும் இந்த வழியை அடைக்க முடியாது.

ஒட்டுண்ணிகளில் கவனிக்க வேண்டியது எகினோகாக்கஸ் என்ற சின்ன நாடாப்புழு. ஆடு, மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டியாக இருக்கும். அதைப் பச்சையாகத் தின்ற நாயின் குடலில் புழுவாகி, மலத்தில் முட்டை வரும். அந்த முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ கட்டி வளரும். தெரியவே பல வருடம் ஆகலாம். ஆகவே உள்ளுறுப்புகளை வேகவைத்தே கொடுங்கள். பன்றி இறைச்சியும் காட்டு விலங்கு இறைச்சியும் பச்சையாக வேண்டவே வேண்டாம். பன்றியிடமிருந்து வரும் ஆஜெஸ்கி வைரஸ் நாயைத் தாக்கினால் பிழைப்பது அரிது. பச்சையாகவோ அரைவேக்காடாகவோ உள்ளுறுப்பு தின்னும் நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு மாத்திரை போதாது. நாடாப்புழுவுக்கான பிராசிகுவான்டெல் 6 வாரத்துக்கு ஒரு முறை தேவைப்படலாம். அளவை மருத்துவர் சொல்லட்டும்.

பூனையைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள். இப்போது பச்சை உணவால் அதிகம் பாதிக்கப்படுவது பூனைதான். எச்5என்1 பறவைக் காய்ச்சல் வைரஸ் கலந்த பச்சை உணவைத் தின்று அமெரிக்காவில் 2024, 2025-இல் பூனைகள் இறந்திருக்கின்றன. ஜூலியின் கிண்ணத்தில் மீந்ததைப் பூனை நக்கினாலே போதும்.

பெரியவர்கள் மட்டுமே இருக்கும், எல்லோரும் ஆரோக்கியமாக உள்ள வீடுகளிலிருந்தும் இந்தக் கேள்வி வருவதால் கையாளும் முறையையும் சொல்லிவிடுகிறோம். மனிதர் சாப்பிடும் தரத்தில் உள்ள இறைச்சி மட்டும் வாங்குங்கள். கொத்துக்கறியைவிடத் துண்டுக்கறி நல்லது. துண்டில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும்; அரைத்தால் உள்ளே வரை கலந்துவிடும். ஒரு நாள் அளவைத் தட்டையான பொட்டலங்களாகக் கட்டி மைனஸ் 18 டிகிரியில் வையுங்கள். தட்டையாக இருந்தால் சீராக உறையும், சீக்கிரம் இளகும். முந்தைய இரவே மூடி போட்ட டப்பாவில், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில், 4 டிகிரிக்குள் இளகவிடுங்கள். சமையல் மேடையில் வைத்து இளக்கினால் நடுப்பகுதி கட்டியாக இருக்கும்போதே ஓரங்களில் கிருமி பெருகத் தொடங்கிவிடும். இளகியதை மறுநாளுக்குள் தீர்த்துவிடுங்கள், மீண்டும் உறைய வைக்காதீர்கள். கோழியைக் குழாயடியில் கழுவவும் வேண்டாம். கழுவினால் கிருமி போகாது, தொட்டி முழுக்கத் தெறிக்கும்.

பலகையும் கத்தியும் நாய்க்கென்று தனியாக இருக்கட்டும். பிளாஸ்டிக் கிண்ணத்தின் கீறல்களில் கொழுப்பு ஒட்டிக்கொள்ளும், எவர்சில்வர்தான் சரி. துடைக்க முடிகிற தரையில் வைத்து ஊட்டுங்கள், கம்பளத்தில் அல்ல. துண்டை வாயில் கவ்விக்கொண்டு சோபாவுக்கு ஓடுகிற நாய் என்றால் இந்த உணவு முறையே உங்களுக்குத் தோதுப்படாது. 20 நிமிடத்தில் மீந்ததை எடுத்துவிடுங்கள். கிண்ணத்தை முதலில் சுடுநீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவி, பிறகு 4 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி பிளீச் கலந்து 10 நிமிடம் ஊறவைத்து, அலசிக் காயவையுங்கள். சோப்பு முதலில், பிளீச் பிறகு. கொழுப்புப் படலம் இருந்தால் பிளீச் அதிலேயே செலவாகிப்போகும். பிளீச்சோடு வினிகரையோ வேறு கழுவு திரவத்தையோ கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு வரும். இத்தனை செய்தாலும் முழு உத்தரவாதம் இல்லை. சால்மோனெல்லா கலந்த இறைச்சியை வேண்டுமென்றே கிண்ணங்களில் வைத்துச் சோதித்தபோது, கழுவி பிளீச்சில் ஊறவைத்த கிண்ணங்கள் சிலவற்றிலும் கிருமி மிஞ்சியிருந்தது.

அளவுக்கு வருவோம். கிருமியைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். கால்சியத்தைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. பச்சையோ வெந்ததோ, வீட்டு உணவில் நாய்கள் அதிகம் கெடுவது இந்த இடத்தில்தான்.

வளர்ந்த நாய்க்கு உடல் எடையில் 2 முதல் 3 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. ஜூலிக்கு 2.5 சதவீதம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு 625 கிராம், ஏறக்குறைய 1,250 கலோரி. பச்சை உணவுக்காரர்கள் இதை 80:10:10 என்று பிரிப்பார்கள்: தசைக்கறி 500 கிராம், எலும்பு 62 கிராம், ஈரல் 31 கிராம், மண்ணீரலோ சிறுநீரகமோ 31 கிராம். இதயமும் கோழியின் இரைப்பையும் தசைக்கறிக் கணக்கில்தான் வரும். 62 கிராம் என்பது கறியைக் கழித்த வெறும் எலும்பின் எடை. கோழி இறக்கையில் ஏறக்குறைய பாதிதான் எலும்பு என்பதால் 62 கிராமுக்கு 130 கிராம் இறக்கையாவது வேண்டும். அதோடு வரும் கறியை 500 கிராமிலிருந்து கழித்துக்கொள்ள வேண்டும். எலும்பு கூடினால் மலம் வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டி மாதிரி உதிரும், நாய் முக்கும். ஈரல் கூடினால் முதலில் பேதி. மாதக்கணக்கில் கூடினால் வைட்டமின் ஏ சேர்ந்து மூட்டு எலும்புகள் கெடும்.

எலும்பை விட்டுவிட்டால் என்ன ஆகும்? எலும்பில்லாத கறி 100 கிராமில் பாஸ்பரஸ் 200 மில்லிகிராம் அளவில் இருக்கும், கால்சியமோ 10 முதல் 15 மில்லிகிராம்தான். ஆக 625 கிராம் கறியில் பாஸ்பரஸ் 1,250 மில்லிகிராம், கால்சியம் 100-ஐக்கூடத் தொடாது. நாய்க்குக் கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, அதைவிடச் சற்று அதிகமாகவோ வேண்டும். பற்றாக்குறையை உடல் எலும்பிலிருந்து உருவி ஈடுகட்டும். வளரும் குட்டி என்றால் சில வாரங்களிலேயே கால் வளையும், குதித்தால் எலும்பு முறியும். பெரிய இனக் குட்டிகளுக்குக் கால்சியம் கூடினாலும் எலும்பு கெடும். அதனால் குட்டிகளுக்கு வீட்டுக் கணக்கு வேண்டவே வேண்டாம்.

80:10:10 கால்சியத்தைச் சரிசெய்தாலும் வைட்டமின் ஈ, துத்தநாகம், மாங்கனீஸ், அயோடின் ஆகியவற்றில் பெரும்பாலும் குறைபடும். ‘பல வகைக் கறி மாற்றி மாற்றிக் கொடுத்தால் சரியாகிவிடும்’ என்பது நப்பாசை. எல்லாக் கறியிலும் குறைவாக இருக்கும் சத்து, மாற்றிக் கொடுப்பதால் எப்படிக் கூடும்?

எலும்பு கொடுப்பவர்கள் வெந்த எலும்பைத் தொடவே கூடாது. ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும். மாட்டின் கால் எலும்பு பச்சையாக இருந்தாலும் பல்லைவிடக் கடினமானது. மேல்தாடையின் பெரிய கடைவாய்ப்பல் பட்டையாகப் பெயர்ந்து வருவது இதனால்தான். தோழி சொன்ன ‘சுத்தமான பல்’லுக்கு இது அதிக விலை. தினமும் நாய்க்கான பற்பசை போட்டுத் தேய்ப்பது அதைவிட நன்றாகவே வேலை செய்யும். பளபளப்புக்கு வருவோம்: அது பெரும்பாலும் கொழுப்புச் சத்து கூடுவதால் வருவது, கறி பச்சையாக இருப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கணைய அழற்சி வந்த நாய்க்கு அந்தக் கொழுப்பே எமன்.

ஜூலிக்கு நாங்கள் சொல்வது வேகவைத்த கறி. கோழியானாலும் மாடானாலும் எலும்பு நீக்கி, நடுப்பகுதி 74 டிகிரியைத் தொடும்வரை வேகவிடுங்கள். வெங்காயம், பூண்டு, உப்பு, மசாலா எதுவும் வேண்டாம். வெந்தால் எடை கால்வாசி குறையும் என்பதால் அளவைப் பச்சையிலேயே நிறுத்துக்கொள்ளுங்கள். வெந்த நீரில் சத்து இறங்கியிருக்கும். கொழுப்பை ஒதுக்கிவிட்டு அதையும் கிண்ணத்தில் ஊற்றுங்கள். முழு உணவாகவே கொடுப்பதென்றால், ஓடு நன்றாகக் காய்ந்தபின் மாவாகத் திரித்த முட்டை ஓட்டுத் தூள் 4 கிராம், அதாவது முக்கால் தேக்கரண்டி, நாளொன்றுக்குச் சேர்க்க வேண்டும். அதில் 1,500 மில்லிகிராம் கால்சியம் கிடைக்கும். மற்ற சத்துகளுக்கு, வீட்டு உணவுக்கென்றே தயாராகும் வைட்டமின்-தாதுக் கலவையை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். அதிலேயே கால்சியம் இருந்தால் ஓட்டுத் தூளை விட்டுவிடுங்கள்.

ஏற்கெனவே பச்சைக் கறி கொடுத்துப் பார்த்திருந்தால் சில வாரம் கவனமாக இருங்கள். ரத்தம் கலந்த பேதி, நிற்காத வாந்தி, முக்கியும் மலம் வராமை ஆகியவற்றுக்கு அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். பின்னங்கால் தளர்ந்து, தள்ளாடி, குரைப்பின் தொனி மாறினாலும் அப்படித்தான். பச்சைக் கோழி தின்ற நாய்களுக்கு வரும் ஒரு நரம்புத் தளர்ச்சிக்கும் கேம்பிலோபாக்டருக்கும் உள்ள தொடர்பை மெல்போர்ன் பல்கலைக்கழகத்தின் ஆய்வு 2018-இல் காட்டியது. பையனுக்கோ மாமியாருக்கோ காய்ச்சலோடு வயிற்றுப்போக்கு வந்தால், நாய் பச்சைக் கறி தின்ற விஷயத்தை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கடைசிக் கேள்வி: உலர் தீவனத்தோடு கறி கலந்தால் செரிக்காது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை; இரண்டும் ஒரே வயிற்றில், ஒரே அமிலத்தில்தான் செரிக்கின்றன. உங்களுக்கு இதுதான் சுலபமான வழியும்கூட. நாளின் கலோரியில் 10 சதவீதம் வரை கறி சேர்த்தால் சத்துக் கணக்கு கெடாது, கால்சியமும் தனியாக வேண்டாம். ஜூலிக்கு அது தோல் நீக்கி வேகவைத்த கோழிநெஞ்சுக்கறி 75 கிராம் (இது மட்டும் வெந்தபின் உள்ள எடை). உதிர்த்து, வெந்த நீர் இரண்டு கரண்டி விட்டு, இளஞ்சூட்டில் தீவனத்தோடு பிசைந்து வையுங்கள். மேலே தூவினால் கறியை மட்டும் பொறுக்கித் தின்றுவிட்டுப் போய்விடுவாள். கறிக்கு ஈடாகத் தீவனத்திலும் 125 கலோரியைக் குறைத்துவிடுங்கள்.