சிங்கப்பூரிலிருந்து இருவர் மட்டும் காரில் பாலைவனப் பூங்காக்களைச் சுற்றிவர எப்படித் திட்டமிடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு விஷயம். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது, இருவருக்கும் நடையும் மலையேற்றமும் பிடிக்கும், பத்து நாள் லீவில் காரிலேயே பாலைவனப் பூங்காக்களைச் சுற்ற வேண்டும், அதற்கு அமெரிக்காவா ஆஸ்திரேலியாவா என்பது ஒன்று. அதை வெறும் அலைச்சலாக ஆக்காமல் இருவருக்குமான பயணமாக எப்படிப் போடுவது என்பது இன்னொன்று.

முதல் கேள்விக்கு உங்கள் லீவே பதில் சொல்லிவிடும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் என்றால் யோசிக்கவே வேண்டாம், ஆஸ்திரேலியாவின் நடுப்பகுதிக்குப் போங்கள்: ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் என்ற ஊர், கிங்ஸ் கேன்யன் பள்ளத்தாக்கு, உலுரு என்ற பெரும்பாறை. அப்போது அங்கே குளிர்காலம், பகலில் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், நாள் முழுக்க நடக்கலாம். வருடக் கடைசியில்தான் லீவு என்றால் அந்தப் பக்கம் வேண்டாம். டிசம்பரில் 36 டிகிரியைத் தாண்டுவது அங்கே சாதாரணம், அந்த அளவு வெயில் வரும் என்று முன்னறிவிப்பு வந்தாலே உருப்படியான நடைபாதைகளில் கட்டுப்பாடு போட்டுவிடுவார்கள். டிசம்பருக்கு கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீயும் டெத் வேலியும்தான் சரி. டெத் வேலியில் 1913 ஜூலையில் 56.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. அதே இடத்தில் டிசம்பரில், கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே இருக்கும் பேட்வாட்டர் உப்புப் படுகையில் கைகோத்துக்கொண்டு நிதானமாக நடக்கலாம்.

இரண்டு காலத்திலும் லீவு கிடைக்கும், எது முதலில் என்று கேட்டால் நான் ஆஸ்திரேலியாவைத்தான் சொல்வேன். நம்மைப் போலவே இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், இது சின்ன விஷயமில்லை. நம்மில் பலருக்கு லைசென்ஸ் இருக்கும், சொந்தக் கார் இருக்காது, எப்போதாவது மணிக்கணக்கு வாடகைக்கு ஒரு வண்டி எடுத்து ஓட்டுவதுதான் பழக்கம். அந்த நிலையில் 15 மணி நேரம் பறந்துபோய் லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கி, தூக்கக் கலக்கத்தோடு வலப்பக்க ஓட்டத்தையும் பழகிக்கொள்வது இருவருக்குமே சிரமம். செலவும் இருக்கிறது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 2026 ஜனவரி முதல் வெளிநாட்டவருக்கான ஆண்டுப் பாஸ் 250 அமெரிக்க டாலர். அந்தப் பாஸ் இல்லாமல் கிராண்ட் கேன்யன், சயான் மாதிரி கூட்டம் மொய்க்கும் 11 பூங்காக்களுக்குப் போனால் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர். டெத் வேலியும் ஜோஷுவா ட்ரீயும் அந்தப் பட்டியலில் இல்லை என்பதால், இரண்டோடு நிறுத்திக்கொண்டால் அமெரிக்கா அவ்வளவு கடிக்காது.

இனி ஆஸ்திரேலியாவை வைத்தே சொல்கிறேன், ஏனென்றால் நானும் என் கணவரும் ஒரு ஜூலை மாதம் ஓட்டிய பாதை அது.

விசா முதலில். சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருந்தால் கைப்பேசிச் செயலியிலேயே ஈடிஏ என்ற மின்னணுப் பயண அனுமதியை எடுத்துவிடலாம், 20 ஆஸ்திரேலிய டாலர் சேவைக் கட்டணம். ஒருவர் குடிமகன், இன்னொருவர் இந்தியக் கடப்பிதழோடு நிரந்தரவாசி என்பது நம் வீடுகளில் சகஜம். அப்படியென்றால் அந்த ஒருவர் 600 பிரிவு வருகையாளர் விசாவுக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், அது கைக்கு வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். சிங்கப்பூர் லைசென்ஸ் ஆங்கிலத்தில் இருப்பதால் அதுவே போதும். புது ஓட்டுநர், 25 வயதுக்குக் கீழ் என்றால் வாடகை நிறுவனம் கூடுதல் கட்டணமோ நிபந்தனையோ வைக்கலாம், கேட்டுவிடுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து ஆலிஸுக்கு நேரடி விமானம் இல்லை. டார்வின், அடிலெய்டு, சிட்னி என்று எங்காவது மாறித்தான் போக வேண்டும். வரைபடத்தைப் பார்த்துவிட்டு டார்வினிலேயே காரை எடுத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், டார்வினுக்கும் ஆலிஸுக்கும் நடுவே 1,500 கிலோமீட்டர், உங்கள் லீவில் பாதி ஸ்டியரிங் பிடிப்பதிலேயே போய்விடும். ஆலிஸில் இறங்கி, உலுருவில் விமானம் ஏறி சிட்னி வழியாகத் திரும்புங்கள். காரை வேறு ஊரில் விடுவதற்குத் தனிக் கட்டணம் வாங்குவார்கள், வந்த வழியே திரும்பி ஒரு நாள் முழுக்க ஓட்டுவதோடு ஒப்பிட்டால் அந்தக் காசு போனால் போகட்டும்.

என் யோசனை: மூன்றே இடம், ஒவ்வொன்றிலும் குறைந்தது இரண்டு இரவு. இணையத்தில் கிடைக்கும் திட்டங்கள் உலுருவுக்கு ஒரு சாயங்காலம், கிங்ஸ் கேன்யனுக்கு ஒரு காலை என்று ஓட ஓட விரட்டும். ஒரே இடத்தில் இரண்டாவது காலை கண்விழிக்கும்போதுதான் பாலைவனம் பழகுகிறது. முதல் நாள் எல்லாம் ஒரே சிவப்பாகத் தெரிந்தது, இரண்டாம் நாள் எந்தப் பாறை எந்த நேரத்தில் நிறம் மாறும் என்று நீங்களே ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்வீர்கள்.

முதல் இடம் ஆலிஸுக்கு மேற்கே இருக்கும் வெஸ்ட் மெக்டொனல் மலைத்தொடர். நிறைய பேர் இதைத் தவிர்த்துவிட்டு நேராக உலுருவுக்கு ஓடுகிறார்கள், எனக்கு இதில் பெரிய வருத்தமே உண்டு. ஆலிஸிலிருந்து ஒரே தார்ச்சாலையில் சிம்ப்சன்ஸ் கேப், ஸ்டாண்ட்லி காஸம், எல்லரி க்ரீக், ஆர்மிஸ்டன் பள்ளத்தாக்கு என்று வரிசையாக வரும். சிம்ப்சன்ஸ் கேப்பில் விடியற்காலையில் சத்தம் போடாமல் உட்கார்ந்தால் பாறை வாலபிகள் (குட்டிக் கங்காரு மாதிரி இருக்கும்) இறங்கி வருவதைப் பார்க்கலாம். ஆர்மிஸ்டனில் சிவப்புப் பாறைச் சுவர்களுக்கு நடுவே ஒரு குளம், வெள்ளைத் தண்டோடு நிற்கும் பேய் யூக்கலிப்டஸ் மரங்கள். ஜூலையில் அந்தத் தண்ணீர் ஐஸ், நான் இறங்கினேன், அவர் கரையில் துண்டோடு நின்றார்.

அடுத்து கிங்ஸ் கேன்யன். இதற்கு இரண்டு வழி. மெரீனி லூப் என்ற மண்சாலை குறுக்கு வழி, பழங்குடியினர் நிலத்தின் ஊடே போவதால் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி இருந்தால் நல்லது. சாதாரண வாடகைக் காரில் மண்சாலையில் இறங்கினால் காப்புறுதி செல்லாமல் போய்விடும், ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் இருக்கும். அதனால் எர்ல்டுண்டா வழியாகத் தார்ச்சாலையிலேயே போங்கள், 450 கிலோமீட்டருக்கு மேல் வரும், ஒரு பகல் அதற்கென்றே வைத்துவிடுங்கள். மறுநாள் விளிம்பு நடை, 6 கிலோமீட்டர், மூன்று நான்கு மணி நேரம். ஆரம்பத்திலேயே செங்குத்தாகப் படி, மூச்சு வாங்கும், ஏறிவிட்டால் அப்புறம் சுகம். பாதி வழியில் மரப்படி இறங்கி ஏதேன் தோட்டம் என்று அழைக்கப்படும் நீர்ச்சுனைக்குப் போகலாம், சுற்றிலும் வறண்ட பாறை இருக்க அந்தப் பிளவுக்குள் மட்டும் பெரணியும் சைக்கட் மரங்களும் பச்சையாக நிற்கின்றன. காலையிலேயே கிளம்பிவிட்டால் அந்த இடம் கொஞ்ச நேரமாவது உங்கள் இருவருக்கு மட்டும் கிடைக்கும். மொத்தப் பயணத்திலும் எனக்கு மிகப் பிடித்த இடம் எது என்று கேட்டால் உலுருவுக்கு முன்னால் இதைத்தான் சொல்வேன்.

கடைசியாக உலுரு, கிங்ஸ் கேன்யனிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர். பூங்காவுக்குள் தங்க முடியாது, கூடாரம் அடிக்கவும் விடமாட்டார்கள். வெளியே யுலாரா என்ற சுற்றுலாக் குடியிருப்புதான் கதி, விலை கூடுதல். அங்கேயே முகாம் தளமும் உண்டு, அதில் தங்கினால் கணிசமாக மிச்சம். மூன்று நாள் பாஸ் பெரியவர்களுக்கு ஆளுக்கு 38 ஆஸ்திரேலிய டாலர். (கிங்ஸ் கேன்யனுக்கும் மெக்டொனலுக்கும் அவை இருக்கும் நார்தர்ன் டெரிட்டரி ஆட்சிப்பகுதியின் பாஸ் தனி, அதை இணையத்தில் வாங்கிவிடுங்கள்.) உலுருவின் உச்சிக்கு ஏறுவது 2019 அக்டோபர் 26 முதல் மூடப்பட்டிருக்கிறது, அது அந்த மண்ணின் பழங்குடியினரான அனங்கு மக்களின் புனித இடம். சாகசம் வேண்டும் என்பவர்கள் அடிவாரத்தைச் சுற்றிவரும் 10 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான பாதையில் நடக்கலாம். சில இடங்களில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை இருக்கும், தயவுசெய்து மதியுங்கள். ட்ரோன் கூடாது. படப்பிடிப்பாளரைக் கூட்டிக்கொண்டு போய் ஜோடிப் படம் எடுக்கும் எண்ணம் இருந்தால் வர்த்தகப் படப்பிடிப்புக்கு அனுமதி வேண்டும்.

ஒரு காலையைக் கட்டாயம் கட்டா ஜூட்டாவுக்கு ஒதுக்குங்கள். யுலாராவிலிருந்து 50 கிலோமீட்டர், 36 பாறைக் குவிமாடங்கள், அவற்றில் உயரமானது உலுருவைவிட 200 மீட்டர் கூடுதல் உயரம். அங்கே காற்றுப் பள்ளத்தாக்கு நடை 7.4 கிலோமீட்டர், 36 டிகிரிக்கு முன்னறிவிப்பு வந்தால் 11 மணிக்கே பாதியை மூடிவிடுவார்கள். சங்கக் கவிதையில் பாலைக்கு உரிய பொழுது நண்பகல். உங்கள் திட்டத்தில் நண்பகலுக்கு எந்த நடையும் வைக்காதீர்கள். பாலையென்றால் பிரிவு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள், ஆனால் ஜோடியாகப் புறப்பட்டுப் போகும் உடன்போக்கும் அந்தத் திணையில்தான் வருகிறது, அதை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

வண்டி ஓட்டும் விஷயத்தில் மட்டும் சமரசம் வேண்டாம். நம் விரைவுச்சாலைகளில் 90க்கு மேல் போக முடியாது, ஆலிஸிலிருந்து எர்ல்டுண்டாவுக்குப் போகும் ஸ்டூவர்ட் நெடுஞ்சாலையில் சில பகுதிகளில் 130 வரை அனுமதி. அதற்காக 130ல் போக வேண்டும் என்றில்லை. கிளம்புவதற்கு முன் ஒரு வார இறுதியில் கடற்பாலம் தாண்டி மலாக்காவோ ஈப்போவோ ஓட்டிப் பாருங்கள், நீண்ட நேர் சாலையில் கண் எப்படிச் சோர்கிறது என்று தெரியும். இருட்டிய பிறகு ஊருக்கு வெளியே ஓட்டவே கூடாது: கங்காரு, மாடு, ஒட்டகம் எல்லாம் சாலைக்கு வரும், பல வாடகை ஒப்பந்தங்கள் அதைத் தடையே செய்கின்றன. நாளைக்கு இத்தனை கிலோமீட்டர்தான் என்ற வரம்பும் பல நிறுவனங்களில் உண்டு. ரோட் டிரெயின் எனப்படும் 50 மீட்டரைத் தாண்டும் சரக்கு வண்டியை முந்தும்போது எதிரே சாலை வெகுதூரம் காலியாக இருந்தால் மட்டும் போங்கள். பாதி டாங்கிக்குக் கீழே பெட்ரோல் இறங்க விடாதீர்கள், தண்ணீரைக் கேனாக வாங்கி வண்டியில் போட்டுவிடுங்கள். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடந்து போகாதீர்கள். ஆஸ்திரேலியத் தொலைபேசி நிறுவனங்களில் ஆப்டஸ் நம் சிங்டெல்லுக்குச் சொந்தம்தான், ஆனால் அந்தப் பக்கம் டெல்ஸ்ட்ரா நிறுவனத்துக்குத்தான் கூடுதல் இடங்களில் சிக்னல், அதனால் ஒருவர் கைப்பேசியிலாவது டெல்ஸ்ட்ரா சிம் இருக்கட்டும். வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

இருவர் பெயரையும் ஓட்டுநராகப் பதிந்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாறி ஓட்டினால் சண்டை பாதி குறையும், இதை நான் அனுபவித்தே சொல்கிறேன். ஒருவருக்குத்தான் லைசென்ஸ் என்றால் ஒரு இடத்தைக் கழித்துவிடுங்கள், மெக்டொனலும் கிங்ஸ் கேன்யனும் போதும், அல்லது நேராக உலுருவுக்குப் பறந்து அங்கேயே வண்டி எடுங்கள்.

தேதியை எப்படிக் குறிப்பது? வீட்டுச் சுவரில் தேக்காவில் வாங்கிய தினசரிக் காலண்டர் இருக்குமே, அதில் அமாவாசையைப் பாருங்கள். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நான்கைந்து நாள் கிங்ஸ் கேன்யனிலோ உலுருவிலோ இருக்கும்படி போட்டால், ஜூலை மாதத்தில் பால்வெளியின் நடுப்பகுதி தலைக்கு நேர்மேலே வரும். நம் ஊர் வெளிச்சத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது என்னவென்றே முதலில் புரியாது, என் கணவர் மேகம் என்றார். பௌர்ணமி அன்று பாறை அழகாகத் தெரியும் என்பார்கள், உண்மைதான், ஆனாலும் என் ஓட்டு அமாவாசைக்கே. வீவக அடுக்குமாடி வீட்டில் அப்பா அம்மாவோடு இருக்கும் ஜோடிகளுக்கு, பேச யாரும் கூப்பிடாத, கைப்பேசி மணி அடிக்காத இரண்டு மணி நேரம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்லத் தேவையில்லை. சாயங்காலத்துக்குப் பணம் கட்டிய விருந்து, நிகழ்ச்சி என்று நிரப்பாமல் இரண்டு இரவாவது சும்மா விட்டுவையுங்கள்.

பாலைவனம்தானே என்று மெல்லிய துணி மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஜூலை இரவில் பூஜ்யத்துக்குக் கீழேகூட இறங்கும், கம்பளிச் சட்டை, குல்லாய், கையுறை வேண்டும். செப்டம்பருக்குப் பிறகு போனால் முகத்தில் மாட்டும் ஈ வலை கட்டாயம். சாப்பாட்டைப் பொறுத்தவரை ஆலிஸ் பேரங்காடியில் அரிசி, பருப்பு, முட்டை, காய் எல்லாம் வாங்கிவிடுங்கள், அதற்கப்புறம் எல்லாமே யானை விலை. இங்கிருந்து கொண்டுபோகும் பொடி, முறுக்கு எதுவானாலும் பயணி அட்டையில் அறிவித்துவிடுங்கள். கறிவேப்பிலை, பழம், விதை வேண்டவே வேண்டாம், மறைத்தால் அபராதம் கடுமை.

முன்பதிவில் முதலில் யுலாரா அறை, அடுத்து கிங்ஸ் கேன்யன், பிறகு கார், கடைசியாக விமானம், இந்த வரிசையில் பாருங்கள். ஜூன், ஜூலையில் ஆஸ்திரேலியர்களுக்கும் பள்ளி விடுமுறை வரும், அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். எந்த மாதம் லீவு, இருவரில் யாருக்கு லைசென்ஸ், யாரிடம் எந்தக் கடப்பிதழ் என்று கீழே எழுதினால் நாள்வாரியாகப் போட்டுத் தருகிறேன்.