படகுக்கு எந்த வி.எச்.எஃப். கருவி? அபாயப் பொத்தான் தானாக வேலை செய்யுமா?

கடலில் பேசப் பயன்படும் வி.எச்.எஃப். வானொலியில், சிறு படகுக்குக் கைக்கருவியே போதுமா என்றும், வாங்கியவுடன் அபாயப் பொத்தான் வேலை செய்யுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

மின்கலம் நிலையாக உள்ள படகு என்றால், டி.எஸ்.சி. வசதியுள்ள (பொத்தானை அழுத்தினால் அபாய எச்சரிக்கையை டிஜிட்டல் முறையில் அனுப்பும்), படகில் பொருத்தும் கருவியையே வாங்குங்கள். கைக்கருவி 5 அல்லது 6 வாட். பொருத்தும் கருவி 25 வாட். ஆனால் வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், வாட்டைவிட ஆண்டெனாவின் உயரத்துக்கே நான் முதலிடம் கொடுப்பேன்.

பொத்தான் தானாக வேலை செய்யாது. படகுக்கென ஒதுக்கப்படும் 9 இலக்க அடையாள எண்ணான எம்.எம்.எஸ்.ஐ.யைக் கருவியில் நீங்கள்தான் பதிய வேண்டும். பல கருவிகளில் ஓரிரு முறைக்கு மேல் அதை மாற்ற முடியாது. ஆகவே ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். அடுத்தது ஜி.பி.எஸ்.: திரையில் அட்சரேகை, தீர்க்கரேகை தெரியாமல் வெறும் கோடுகள் இருந்தால், உங்கள் அழைப்பு இடம் சொல்லாமலே போகும்.

சோதிப்பதற்காக அபாயப் பொத்தானை அழுத்தவே கூடாது. உண்மையான ஆபத்தில் சிவப்பு மூடியைத் திறந்து, சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். எச்சரிக்கை, சேனல் 70 வழியாகப் போகும். உடனே சேனல் 16இல் 'மேடே' என்ற அபாய அழைப்புச் சொல்லை மூன்று முறை சொல்லிப் பேசுங்கள். தவறி அழுத்திவிட்டால் கருவியை அணைத்துவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். அழைப்பை ரத்து செய்வதாக அதே 16இல் அறிவியுங்கள்.