காற்று மாசு படிக்க ஆசைப்படும் மகளை எதில் சேர்ப்பது?

"பிளஸ் டூ முடிச்சுட்டா, காற்று மாசு பத்திப் படிக்கணும்கிறா, வேலை கிடைக்குமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்கும். ஆனால் பட்டத்தின் பெயரில் 'சுற்றுச்சூழல்' இருக்கிறதே என்று இளநிலையிலேயே அதில் சேர்த்துவிடாதீர்கள். பி.எஸ்சி. வேதியியல் அல்லது பி.டெக். கெமிக்கல் முதலில், சுற்றுச்சூழல் முதுநிலையில் வரட்டும்.

காற்று மாசுக்கு அடிப்படை வேதியியல்தான்; அது புரிய நைட்ரஜன் ஒன்றே போதும். காற்றில் 78 சதவீதம் அதுதான்; லேசில் எதோடும் சேராது. டீசல் எஞ்சினில் இருப்பதுபோன்ற கடும் சூட்டில் ஆக்சிஜனோடு சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகிறது. அதைக் குறைக்கத்தான் பிஎஸ்-6 (வாகனப் புகைக்கான இந்திய விதிமுறை) லாரிகளில் 32.5 சதவீத யூரியா கரைசல் ஊற்றுகிறார்கள். அதே யூரியா வயலுக்கு உரம். 45 கிலோ மூட்டையில் நைட்ரஜன் 20.7 கிலோ, நெல் வயலில் பெரும்பாலும் அதில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை. மிச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகவும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் காற்றுக்கு, நைட்ரேட்டாக நிலத்தடி நீருக்கு. மண் பக்கம் ஆர்வமென்றால் பி.எஸ்சி. வேளாண்மை, பிறகு மண்ணியல்.

ஆய்வகத்தில் முதல் வேலை பெரும்பாலும் மாதிரி எடுப்பதுதான். வெயிலில் மொட்டை மாடி ஏற வேண்டும், இதையும் அவளிடம் சொல்லிவிடுங்கள். காற்றில் உள்ள நைட்ரஜன் டை ஆக்சைடை அளக்க, சோடியம் ஹைட்ராக்சைடு, சோடியம் ஆர்சனைட் கரைசல் வழியாக நிமிடத்துக்கு 1 லிட்டர் வீதம் 4 மணி நேரம் காற்றை இழுப்பார்கள். ஆர்சனைட் கொடிய நஞ்சு. கரைசலை அளந்தெடுக்கும் குழாயான பிப்பெட்டை வாயால் உறிஞ்சவே கூடாது. பிறகு நிறம் தரும் ரசாயனங்களைச் சேர்த்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். அந்த நிறத்தின் அடர்த்தியை ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்ற கருவியில் 540 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளப்பார்கள். பம்ப் இழுவை 0.8 லிட்டராக இறங்கியதைக் கவனிக்காமல் 1 என்றே நாள் முழுக்க எழுதினால், கன மீட்டருக்கு 90 மைக்ரோகிராம் நைட்ரஜன் டை ஆக்சைடு உள்ள இடம் 72 என்று வரும். 24 மணி நேர வரம்பு 80. மாசுள்ள தெரு காகிதத்தில் சுத்தமாகிவிடும்! இந்தத் தவறு கணக்குப் போடத் தெரிந்தவர் கண்ணில்தான் படும்.

பொறியியல் படித்தால், முதுநிலைச் சேர்க்கைக்கான கேட் (GATE) தேர்வில் சுற்றுச்சூழலுக்கென்றே 2021 முதல் தனித்தாள் இருக்கிறது. அறிவியல் வழி என்றால் எம்.எஸ்சி., பிறகு கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் (NET) தேர்வு. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அறிவிப்புகளில் எந்தப் பட்டம் வேண்டும் என்று பெயர் சொல்லியே கேட்பார்கள். பழைய அறிவிப்பு ஒன்றை எடுத்துப் படித்துவிட்டு முதுநிலையைத் தேர்ந்தெடுங்கள்.

கல்லூரி பார்க்கப் போகும்போது கட்டடத்தை விடுங்கள். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் பக்கத்தில் கிடக்கும் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, கடைசியாக எந்தத் தேதியில் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.