கை தேடும் பக்கங்கள்

கேள்வி: பரிசாக வந்த ஆறு அங்குல கிண்டில் மின்னூல் கருவியில் மூன்று வாரமாக நாவல் படிக்க முயல்கிறேன். எந்த இடத்தில் இருக்கிறேன் என்றே பிடிபடவில்லை. எது முன்னால் நடந்தது, எது பின்னால் என்பதும் குழம்புகிறது. போதாததற்கு, பக்கம் திருப்பும்போது திரை கறுத்து மின்னுகிறது. அச்சுப் புத்தகத்துக்கே திரும்பிவிடட்டுமா?

பதில்: அவசரப்படாதீர்கள். உங்கள் நினைவாற்றலில் குறையில்லை. அச்சுப் புத்தகத்தில் படித்த பக்கங்கள் இடக்கையில் சேரச் சேர, வலக்கையில் மீதி மெலியும். கதை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைக் கையே சொல்லிவிடும். கருவியில் அது கிடையாது. வாசிப்பு ஆய்வாளர் ஆன் மாங்கென் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில், 28 பக்கக் கதையை அச்சில் படித்தவர்களுக்கும் கிண்டிலில் படித்தவர்களுக்கும் புரிதலில் பெரிய வேறுபாடு இல்லை. சம்பவங்களை வரிசைப்படுத்துவதில்தான் கிண்டிலில் படித்தவர்கள் தடுமாறினார்கள். உங்களுக்கு நேர்வதும் அதுவே.

ஆகவே கை இழந்ததைக் கண்ணுக்குக் கொடுங்கள். திரையின் இடது கீழ்மூலையைத் தொடத் தொட, பக்க எண், அத்தியாயம் முடிய எவ்வளவு நேரம் என்று மாறி மாறி வரும். ஏதாவது ஒன்றை எப்போதும் தெரியும்படி வையுங்கள். அத்தியாயத்தின் நடுவில் மூடாதீர்கள். புதிய பாத்திரம் நுழையும் இடத்தில் பெயரை அழுத்திப் பிடித்து வண்ணக்கோடு இடுங்கள். குறிப்புப் பட்டியலில் எல்லாப் பெயர்களும் கதை வரிசையிலேயே நிற்கும்.

தமிழுக்கு எழுத்தமைப்பை மாற்றியே ஆகவேண்டும். நம் சொற்கள் நீளமானவை. எழுத்தைப் பெரிதாக்கினால் வரிக்கு மூன்று சொல்தான் நிற்கும், வாசிப்பு திக்கும். ஐந்தாறு சொல் வரும் அளவே நல்லது. இருபக்கமும் சமமாக வரி அமைப்பதை நிறுத்தி இடப்பக்கம் மட்டும் ஒட்டவையுங்கள். சொற்களுக்கு நடுவே விழும் ஓட்டைகள் மறையும். மேலே சுழியும் கீழே உகரக் குறியும் மோதாதபடி வரி இடைவெளியை ஒரு படி கூட்டுங்கள்.

மின்னுவது பழுதல்ல. திரைக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் இடம் மாறித்தான் எழுத்தாகின்றன. முந்தைய பக்கத்தின் நிழல் தங்காதிருக்க அவ்வப்போது முழுத்திரையும் துடைக்கப்படுகிறது. அமைப்புகளில் 'பேஜ் ரெஃப்ரெஷ்' இயங்கினால் அணைத்துவிடுங்கள், மின்னல் குறையும்.

பிடிஎஃப் கோப்புகளைக் கொண்டு பழகாதீர்கள். பெரிய தாளுக்கு அமைத்த பக்கம் ஆறு அங்குலத்தில் எறும்பெழுத்தாகிவிடும். கருவியைக் கிடைமட்டமாகத் திருப்பினால் ஓரளவு தேறும். பொது எழுத்துக் குறியீடான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அமைத்த தமிழ்க் கோப்பை இபப் (திரைக்கேற்ப வரிகள் மாறி அமையும் மின்னூல் வடிவம்) ஆக்கினால், ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பையே மிஞ்சும். முதல் புத்தகமாக, அச்சில் ஏற்கெனவே படித்த நாவலின் இபப் பதிப்பை எடுங்கள். கதை வரிசை தெரிந்திருப்பதால் கருவியை மட்டும் பழகினால் போதும்.