கப்பல் நிற்கும் ஒரு பகலில் ஸ்நார்க்கலிங்: எதைப் பார்த்துப் பணம் கட்டுவது?

கேள்வி: மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு சிங்கப்பூர் போய், அங்கிருந்து பினாங்கு, புக்கெட் சுற்றிவரும் கப்பலில் டிக்கெட் போட்டிருக்கிறோம். புக்கெட்டில் ஒரு பகல் நிற்கிறது. அங்கே ஸ்நார்க்கலிங் (மாஸ்க்கும் மூச்சுக்குழாயும் மாட்டி, தண்ணீர் மேல் மிதந்தபடி அடியில் இருப்பதைப் பார்ப்பது) போக ஆசை. கப்பல் கம்பெனி விற்கும் டிரிப், இணையத்தில் தனியாகக் கிடைப்பதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை. எனக்கு 59 வயது, பி.பி. மாத்திரை சாப்பிடுகிறேன். மனைவிக்கு நீச்சல் தெரியாது. மகன், மருமகள், 7 வயதுப் பேரனும் வருகிறார்கள். எதை எடுக்கலாம்?
(லாஸ்பேட்டை, புதுச்சேரி)

பதில்: விலைக்கு அப்புறம் வருகிறேன் ஐயா. முதலில் மாதத்தைப் பாருங்கள். புக்கெட் இருப்பது அந்தமான் கடலில். அங்கே தென்மேற்குப் பருவக்காற்று மே மாதம் தொடங்கி அக்டோபர் வரை நீடிக்கும். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கிறது. அவர்களுக்கு வைகாசியிலேயே ஆரம்பித்துவிடும். இங்கே வெயில் கொளுத்துகிறதே, அங்கேயும் கடல் கண்ணாடி மாதிரி இருக்கும் என்று நினைத்துப் பணம் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். பக்கத்திலிருக்கும் சிமிலான் தீவுகளை மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரை தாய்லாந்து அரசே மூடிவைக்கிறது. 2018 ஜூலையில் புக்கெட் அருகே ஃபீனிக்ஸ் என்ற சுற்றுலாப் படகு மோசமான வானிலையில் மூழ்கி 47 பேர் இறந்தார்கள்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. மே கடைசியிலும் நல்ல நாள் வரும். ஆனால் அன்றைக்கு டிரிப் நடக்காமலே போகலாம், அதையும் சேர்த்துத்தான் நீங்கள் வாங்குகிறீர்கள். ஆகவே விலைப் பட்டியலைப் பார்க்கும் முன் ரத்து நிபந்தனையைப் படியுங்கள். இரண்டு விதமாக ரத்தாகலாம். கடல் சரியில்லை என்று படகுக்காரர் நிறுத்துவது ஒன்று. கப்பலே அந்தத் துறைமுகத்துக்குப் போகாமல் விடுவது இன்னொன்று. கப்பல் விற்ற டிரிப் என்றால் இரண்டுக்கும் பொதுவாகப் பணம் உங்கள் கப்பல் கணக்குக்கே திரும்பிவிடும். வெளியில் வாங்குவதில் ‘கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பத் தரப்படும்’ என்ற வரி இருக்கிறதா பாருங்கள். சிலர் பணம் தர மாட்டார்கள், வேறு தேதி மாற்றித் தருவார்கள். ஹோட்டலில் தங்கியிருப்பவருக்கு அது சரி. சாயங்காலமே கப்பல் ஏறிப்போகும் உங்களுக்கு வேறு தேதி எதற்கு?

அடுத்தது நேரம். கப்பல் காலை 8 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 9 மணி நேரம் இருக்கிறது என்று தோன்றும். ஆனால் புக்கெட்டில் பல கப்பல்கள் பட்டோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டு, சிறு படகில்தான் ஆட்களைக் கரைக்குக் கொண்டுவிடுகின்றன. கப்பலின் சொந்த டிரிப் வாங்கியவர்களுக்குப் பெரும்பாலும் முதல் வரிசை. மற்றவர்கள் டோக்கன் வாங்கிக் காத்திருக்க வேண்டும். கரையேறும்போதே 9.30 ஆகலாம். திரும்பக் கப்பலுக்குள் வர வேண்டிய கடைசி நேரம், கிளம்புவதற்கு அரை மணியோ ஒரு மணியோ முன்பே இருக்கும். தீவுப் படகுகள் பல சலோங் துறையிலிருந்து கிளம்புகின்றன. பட்டோங்கிலிருந்து அங்கே மலைப்பாதையில் போக வேண்டும், டிராஃபிக் இருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகும். இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது நாலு, நாலரை மணி.

இந்தக் கணக்கில் பீ பீ தீவு ஒத்துவராது. புக்கெட்டிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். ஸ்பீட் போட்டில் போகவர மட்டும் இரண்டு மணி நேரம் ஆகலாம், அதுவும் காற்றுக் காலத்தில் அலை தூக்கித் தூக்கிப் போடும். முதுகுவலி இருப்பவர்கள் அந்தப் படகில் ஏறவே கூடாது. விளம்பரத்தில் வரும் மாயா பே (பீ பீயில் உள்ள விரிகுடா) படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். பவளப்பாறை சேதமானதால் 2018-இல் மூடி 2022 ஜனவரியில் திறந்தார்கள். இப்போது அந்த விரிகுடாவுக்குள் நீந்தவே அனுமதி இல்லை. மணலில் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கோ ஹே என்ற தீவு, ‘கோரல் ஐலண்ட்’ என்று விற்பார்கள், சலோங்கிலிருந்து ஸ்பீட் போட்டில் 15-20 நிமிடம். ராச்சா தீவு அதைவிடக் கொஞ்சம் தூரம். தண்ணீர் தெளிவாக இருக்கும், ஆனால் திறந்த கடலைத் தாண்ட வேண்டும். உங்கள் குடும்பத்துக்குக் கோ ஹே போதும்.

இப்போது விலை. கூடுதலாகக் கேட்கும் பணத்துக்குக் கப்பல்காரர் மீன் ஒன்றும் அதிகம் காட்டப்போவதில்லை. பல சமயம் இரண்டு டிரிப்பையும் நடத்துவது ஒரே உள்ளூர் ஆட்களாகக்கூட இருப்பார்கள். கூடுதல் பணம் தாமதத்துக்கான காப்பு. கப்பலின் சொந்த டிரிப் தாமதமானால் கப்பல் காத்திருக்கும், இல்லாவிட்டால் அடுத்த துறைமுகத்தில் சேர்த்துவிடுவோம் என்று பெரும்பாலான கம்பெனிகள் சொல்கின்றன; உங்கள் நிபந்தனையில் அந்த வரி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெளியில் வாங்கிய டிரிப்பில் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும். ஐந்து பேருக்கு மிச்சம் பிடித்த பணத்தையும், புக்கெட்டிலிருந்து சிங்கப்பூருக்குக் கடைசி நிமிடத்தில் எடுக்கும் ஐந்து விமான டிக்கெட்டின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோ ஹே டிரிப்பைக் கப்பலே விற்றால் அதை வாங்குங்கள். பீ பீ மட்டும்தான் விற்கிறார்கள் என்றால் அது வேண்டாம். வெளியில் கோ ஹே அரைநாள் டிரிப் எடுத்து, கடைசி நேரத்துக்கு இரண்டு மணி முன்பே துறைக்குத் திரும்பிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி பின்னால். சில கப்பல்கள் கடிகாரத்தை மாற்றாமல் கிளம்பிய ஊர் நேரத்திலேயே ஓடும். உங்கள் செல்போனோ கரையில் கால் வைத்ததும் தானாகத் தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கப்பல் நேரம் 4.30 என்றால் போனில் 3.30-தான் காட்டும். கையில் ஒரு சாதாரண வாட்ச் கட்டி, கப்பல் நேரத்தை வைத்துவிடுங்கள்.

தண்ணீருக்குள் இறங்கும் விஷயம் இனிமேல். புக்கிங் செய்யும் முன் கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியது, தண்ணீரில் இருக்கப்போவது எத்தனை நிமிடம், தண்ணீருக்குள் கூடவே இறங்கும் கைடு எத்தனை பேர் என்பது. படகில் உட்கார்ந்து போட்டோ எடுக்கிறவர் கணக்கில் வர மாட்டார். ‘அரைநாள் ஸ்நார்க்கலிங்’ என்பதில் முகம் தண்ணீரில் இருப்பது முக்கால் மணி நேரம்தான் என்பது சகஜம். உங்கள் மனைவி மாதிரி நீச்சல் தெரியாதவர்களுக்கு மிதவை வளையத்தைப் பிடிக்கச் சொல்லி கைடு இழுத்துப்போவாரா, கரையிலிருந்தே நடந்து இறங்க முடியுமா என்றும் கேளுங்கள். நடுக்கடலில் படகு ஏணியிலிருந்து குதிக்கும் இடம் அவருக்கு வேண்டாம். பேரனுக்கு அவன் அளவு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்பதைப் படகு ஏறும் முன் கண்ணால் பாருங்கள். பெரியவர்கள் ஜாக்கெட்டைக் கயிறு போட்டு இறுக்கிக் கட்டினால், தண்ணீரில் ஜாக்கெட் மேலே வரும், பையன் கீழே போவான்.

நீங்கள் டாக்டரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். குழாய் வழியாக மூச்சை இழுப்பதே இதயத்துக்கும் நுரையீரலுக்கும் ஒரு வேலை. ஹவாயில் ஸ்நார்க்கலிங் மரணங்களை ஆராய்ந்தவர்கள், சிரமப்பட்டு மூச்சை இழுப்பதால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வதும் ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆள் கையைக் காலை அடித்துத் தத்தளிக்க மாட்டார். திடீரென்று மூச்சு வாங்கும், உடம்பு தளரும். அப்படி ஏதாவது தோன்றினால் மாஸ்க்கைக் கழற்றுங்கள், மல்லாந்து மிதந்து கையைத் தூக்குங்கள், உடனே வெளியே வாருங்கள். இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்ற ஆசை வேண்டாம். முந்தின இரவு கப்பலில் மதுவும் வேண்டாம்.

மீசை வைத்திருக்கிறீர்களா? மாஸ்க்கின் ரப்பர் விளிம்புக்கும் தோலுக்கும் நடுவே மீசை வந்தால் தண்ணீர் கசியும். மூக்குக்குக் கீழே ஒரு கோடு அளவு மழித்துவிட்டால் தீர்ந்தது. மீசையைத் தியாகம் செய்ய வேண்டியதில்லை. கண்ணாடி போடுபவர்கள் பவர் மாஸ்க் கிடைக்குமா என்று முன்பே கேட்க வேண்டும், மூக்குக் கண்ணாடி மேல் மாஸ்க் பொருந்தாது. பெண்களுக்குக் காட்டன் சுடிதார் ஈரமானால் கனத்து இழுக்கும். முழுக்கை நீச்சல் சட்டையும் லெகிங்ஸும் நல்லது. அந்தச் சட்டை போட்டால் முதுகில் சன்ஸ்கிரீன் பூசும் வேலையும் மிச்சம். பவளத்தைக் கெடுக்கும் சில ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீன்களைத் தாய்லாந்து தன் தேசியப் பூங்காக்களில் 2021-இல் தடை செய்துவிட்டது.

புதுச்சேரியில் ஸ்கூபா (காற்று சிலிண்டரோடு ஆழத்தில் நீந்துவது) கற்றுத்தரும் இடங்கள் இருக்கின்றன. கிளம்பும் முன் ஒரு நாள் நீச்சல் குளத்தில் மாஸ்க்கும் குழாயும் போட்டு எல்லோரும் மூச்சுவிட்டுப் பாருங்கள். யாருக்குப் பிடிக்கவில்லையோ அவருக்கு டிக்கெட் வாங்காதீர்கள். என் ஊகம், ஐந்தில் ஒருவராவது கழன்றுகொள்வார். அங்கேயே உங்கள் செலவு குறைந்துவிடும்.

கேள்வி: முகம் முழுவதும் மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க் ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாயில் குழாயைக் கடிக்க வேண்டாம் என்கிறார்கள். வாங்கலாமா?
(மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: நான் வாங்க மாட்டேன். சாதாரண மாஸ்க்கில் தண்ணீர் புகுந்தால் குழாயைத் துப்பிவிட்டுத் தலையைத் தூக்கி மூச்சு விடலாம். முழு முக மாஸ்க்கில் பட்டையோடு மொத்தத்தையும் பிய்த்தால்தான் வாய் வெளியே வரும். பதற்றத்தில் அது சுலபமில்லை. தரமில்லாத மாடல்களில், விட்ட மூச்சே உள்ளே தங்கித் திரும்ப வரும் சிக்கலும் உண்டு. அது ரொம்ப ஆபத்தானது என்று தீர்ப்பு எழுதும் அளவுக்கு ஆதாரம் சேரவில்லை என்பதும் உண்மை. ஆனாலும் பெயர் தெரியாத கம்பெனியின் மாஸ்க்கை மூச்சுக்கு நம்பாதீர்கள்.

சாதாரண சிலிக்கான் மாஸ்க் வாங்கினால் கடையிலேயே ஒரு சோதனை: பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டி நின்றால் உங்கள் முகத்துக்குச் சரி, விழுந்தால் வேறு அளவு. இதனால்தான் ஆன்லைனில் வாங்குவதில் எனக்குத் தயக்கம்.

கேள்வி: பாஸ்போர்ட் இல்லை. லட்சத்தீவுக்குக் கப்பலில் போய் ஸ்நார்க்கலிங் செய்யலாம் என்கிறார்களே, சரியா வருமா?
(திருப்பாதிரிப்புலியூர், கடலூர்)

பதில்: தாராளமாக வரும், முதல் தடவை இறங்குபவர்களுக்கு புக்கெட்டைவிட இதையே சொல்வேன். லட்சத்தீவின் தீவுகள் பலவற்றைச் சுற்றிப் பவளப்பாறை வளையம் இருக்கிறது. அலை அதில் மோதி உடைந்துவிடுவதால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஆழம் குறைவாக, அமைதியாக இருக்கும். லட்சத்தீவு நிர்வாகத்தின் ‘சமுத்ரம்’ என்ற டூர் கொச்சியிலிருந்து கிளம்பும். இரவில் கப்பலில் தங்கல், பகலில் கவரத்தி, கல்பேனி, மினிக்காய் தீவுகளில் இறங்கல். பாஸ்போர்ட் வேண்டாம், ஆனால் நுழைவு அனுமதி கட்டாயம். பேக்கேஜில் அது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலத்தை விட்டுவிடுங்கள்.

கரையில் கிடக்கும் செத்த பவளத் துண்டைக்கூடப் பையில் போட வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் பவளத்துக்குப் புலிக்குத் தரும் அளவு பாதுகாப்பு இருக்கிறது. ‘பேத்தி கேட்டாள்’ என்பது அதிகாரியிடம் எடுபடாது.

கேள்வி: ஒரு டிராவல்ஸில் கப்பல் பேக்கேஜோடு ஸ்நார்க்கலிங்குக்கும் பணம் கட்டினேன். காற்று என்று அன்று ரத்து செய்தார்கள். பணத்தைக் கேட்டால் ‘கப்பல் கம்பெனியைக் கேளுங்கள்’ என்கிறார்கள். கப்பல் கம்பெனி வெளிநாடு. என்ன செய்வது?
(முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: கப்பலை விடுங்கள், உங்களிடம் பணம் வாங்கி ரசீது கொடுத்தவரைப் பிடியுங்கள். ரசீதில் ஸ்நார்க்கலிங்குக்குத் தனித்தொகை போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மொத்தமாக ஒரே தொகை என்றால் அவர் அனுப்பிய வாட்ஸ்அப், மெயில், விளம்பரம் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். டிரிப் ரத்தானதற்குக் கப்பலில் கொடுத்த சீட்டோ செய்தியோ இருந்தால் அதையும் சேருங்கள். பணத்தைக் கேட்டு 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு கடிதம் அனுப்புங்கள். அதோடு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதியுங்கள். பல விவகாரங்கள் அந்தக் கட்டத்திலேயே பேசி முடிந்துவிடும்.

மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், டிராவல்ஸின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் சரி. நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் ஆணையத்துக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை நடந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘எந்த நிலையிலும் பணம் திரும்பத் தரப்படாது’ என்று ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பின்வாங்காதீர்கள். ஒருதலைப்பட்சமான ஒப்பந்த நிபந்தனையையும் இந்தச் சட்டத்தில் கேள்வி கேட்க முடியும். ஆனால் அந்த வழக்கு மாவட்டத்தில் அல்ல, மாநில ஆணையத்தில் வரும். அதனால் முதலில் சேவைக் குறைபாடு என்றே புகாரை எழுதுங்கள், வாங்கிய பணத்துக்குச் சேவை தரவில்லை என்பது ஒன்றே போதும்.