நாலாவது ஆள்

அன்புள்ள சார்,

எனக்கு 44 வயது, கோவையில் வங்கி வேலை. எங்கள் பகுதியில் ஒரு டென்னிஸ் கிளப் இருக்கிறது. மூன்று கிளே கோர்ட், அதாவது மண் தரை. காலை நடைக்குப் போகும்போது வேலியோரம் பத்து நிமிடம் நின்று பார்ப்பேன். பள்ளியில் பேட்மிண்டன் ஆடியதோடு சரி, டென்னிஸ் ராக்கெட்டைத் தொட்டதில்லை. விண்ணப்பம் வாங்கி இரண்டு வாரமாகிறது. அங்கே ஆடுகிறவர்கள் எல்லாம் இருபது வருடப் பழக்கம் உள்ளவர்கள். பெண்கள் இரண்டே பேர். நான் போய் அவர்கள் ஆட்டத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று தயக்கமாக இருக்கிறது. வேறெங்காவது கற்றுக்கொண்டு அப்புறம் சேரலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விண்ணப்பத்தை இந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கற்றுக்கொண்டு அப்புறம் சேரலாம் என்றுதான் நானும் இருந்தேன். அதில் இரண்டு வருடம் போய்விட்டது, இன்றும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

வேலிக்கு வெளியே நிற்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. காலை ஆறு மணிக்கு உள்ளே இருக்கிறவர்களுடைய கவலையெல்லாம் நாலு பேர் சேர்வார்களா என்பதுதான். நம் ஊர் கிளப்களில் காலையில் பெரும்பாலும் டபுள்ஸ்தான் ஆடுவார்கள். எட்டு மணிக்கு வெயில் ஏறிவிடும், கோர்ட்டும் குறைவு. மூன்று பேர் வந்து, நாலாவது ஆள் கடைசி நேரத்தில் வரவில்லை என்று போன் செய்தால் அன்றைய செட் போயிற்று. சொன்ன நேரத்துக்கு வந்து நிற்கிறவரை, சுமாராக ஆடினாலும், யாரும் விடமாட்டார்கள். பல வருடம் பார்த்துச் சொல்கிறேன்.

ஆனால் பணம் கட்டும் முன் செயலாளரிடம் ஒன்று கேளுங்கள்: புதியவர்களுக்குத் தனி நேரம் உண்டா, அவர்களோடு ஆட மார்க்கர், அதாவது கிளப் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் ஆட்டக்காரர், இருக்கிறாரா? நான் முதலில் சேர்ந்த கிளப்பில் இரண்டுமே இல்லை. மூன்று வாரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், யாரும் கூப்பிடவில்லை. அந்தக் காலைகளின் வலி எனக்கு மறக்கவில்லை. அப்படிப்பட்ட இடமாக இருந்தால் வேறு கிளப் பாருங்கள். அந்த இரண்டு பெண்களிடமும் முதலிலேயே பேசிவிடுங்கள். பெண்களைப் பத்து மணி வெயிலுக்குத் தள்ளிவிடுகிற வழக்கம் இருந்தால் அவர்கள் சொல்லிவிடுவார்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

பேட்மிண்டன் ஆடியிருக்கிறீர்கள் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நெட் அருகே உங்கள் கண்ணும் கையும் மற்ற புதியவர்களைவிட வேகமாக இருக்கும், டபுள்ஸில் அது பெரிய லாபம். ஆபத்து மணிக்கட்டில் இருக்கிறது. ஷட்டில் ஐந்து கிராம்தான், மணிக்கட்டைச் சுண்டினால் பறந்துவிடும். டென்னிஸ் பந்து ஏறக்குறைய 58 கிராம். அதே சுண்டலில் பேக்ஹேண்ட், அதாவது புறங்கைப் பக்கத்து அடி, அடித்துப் பழகினால் சில மாதத்தில் முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பிக்கும், அப்புறம் தண்ணீர்க் குடத்தைக்கூடத் தூக்க முடியாது. தோளைத் திருப்பி, பந்தை உடம்புக்கு முன்னால் சந்திக்கப் பழகுங்கள். இரண்டு கையால் பேக்ஹேண்ட் அடித்தால் இன்னும் நல்லது. ராக்கெட் 270, 280 கிராமுக்குள் போதும். ராக்கெட்டின் நரம்பை இறுக்கிக் கட்டச் சொல்லாதீர்கள். ஷூ மட்டும் டென்னிஸுக்கு என்றே செய்ததாக இருக்கட்டும். ஓடுகிற ஷூவின் உயர்ந்த குதிகாலோடு பக்கவாட்டில் பாய்ந்தால் கணுக்கால் பிசகிவிடும்.

முதல் இரண்டு மாதம் மார்க்கரோடு வாரம் மூன்று நாள் ஆடுங்கள். அதில் பாதி நேரத்தை சர்வீஸுக்குக் கொடுங்கள். புதியவர்கள் இதைத்தான் தள்ளிப்போடுகிறார்கள், இரண்டு சர்வீஸும் தவறி டபுள் ஃபால்ட் ஆகும்போதுதான் பார்ட்னரின் முகமும் சுருங்குகிறது. வேகமே வேண்டாம், கட்டத்துக்குள் விழுந்தால் போதும். நம் சென்னையின் ரமேஷ் கிருஷ்ணனின் சர்வீஸ் அவர் காலத்துப் பெரிய ஆட்டக்காரர்களோடு ஒப்பிட்டால் மிக மென்மையானது. அதை வைத்துக்கொண்டே 1986இல் விம்பிள்டன் கால் இறுதி வரை போனார். பந்தை எங்கே வைப்பது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் அப்பா ராமநாதன் கிருஷ்ணன் 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் அரையிறுதி ஆடியவர், அவருடையதும் பலத்தை நம்பாத ஆட்டம்தான். காலையில் கிளப்பில் ஆடும் எழுபது வயதுக்காரர்களைக் கவனியுங்கள். ஓடாமலே உங்களை ஓடவைப்பார்கள். அவர்களுக்கு எதிரே ஆடும்போது நிறையக் கற்றுக்கொள்வீர்கள்.

பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கிளே கோர்ட்டில் அதற்கு முன்பே ஒருவர் தண்ணீர் தெளித்து, உருளை இழுத்து, சுண்ணாம்புக் கோடு போட்டு முடித்திருப்பார். யார் எப்போது வருவார்கள், யாருக்கு ஆள் தேவை என்பதெல்லாம் கிளப்பில் அவருக்குத்தான் முதலில் தெரியும். அவரிடம் பெயரைச் சொல்லி அறிமுகப்படுத்திக்கொள்ளுங்கள்.

அப்புறம், முதல் நாள் ஒரு புதுப் பந்து டப்பா வாங்கிப் போங்கள். டப்பாவைத் திறந்து சில நாள் ஆடினாலே பந்தின் எழுச்சி குறைந்துவிடும், அதனால் பந்துச் செலவை நாலு பேரும் முறை வைத்து ஏற்பது வழக்கம். முதல் முறை உங்களுடையதாக இருக்கட்டும்.