கேளுங்கள், சொல்கிறோம்: கிரீப்பி நட்ஸும் பதினாறு எழுத்துகளும்

கேள்வி: 'மேஷில்' அனிமேயின் தொடக்கப் பாட்டு 'பிளிங்-பேங்-பேங்-பார்ன்' மூலமாகத்தான் கிரீப்பி நட்ஸ் எனக்கு அறிமுகம். ஒரே பாட்டில் உச்சிக்குப் போனவர்களா இவர்கள்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: இல்லை. அந்தப் பாட்டு வந்தது 2024 ஜனவரி 7ஆம் தேதி. கிரீப்பி நட்ஸ் என்பது ஜப்பானின் ஹிப்-ஹாப் ஜோடி; இருவரும் சேர்ந்தது 2013இல். நடுவில் பத்தாண்டு உழைப்பு இருக்கிறது.

ராப் பாடுபவர் ஆர்-ஷிதே, ஒசாகா மாகாணத்தின் சகாய் நகரத்துக்காரர். இசை அமைத்து, மேடையில் இசைத்தட்டு சுழற்றுபவர் டிஜே மாட்சுனாகா. அவருக்கு நீகாத்தா மாகாணத்தின் நாகாவோகா. ஜோடி பெயர் எடுப்பதற்கு முன்பே ஆர்-ஷிதே போட்டி மேடைகளில் பெரிய ஆள். எதிராளி சொன்ன வரியைப் பிடித்து அந்த நொடியிலேயே பதிலடி கட்டும் 'அல்டிமேட் எம்சி பேட்டில்' தேசியப் போட்டியில் 2012, 2013, 2014 என்று தொடர்ந்து மூன்று முறை வென்றார். 2015இல் தொடங்கிய 'ஃப்ரீஸ்டைல் டஞ்சன்' என்ற பின்னிரவுத் தொலைக்காட்சி நிகழ்ச்சிதான் அவர் முகத்தை வீடுகளுக்குள் கொண்டுபோனது.

முதல் குறுந்தொகுப்பு 2016இல் வந்தது. பெயர் 'தரினாய் ஃபுதாரி', அதாவது 'போதாத இருவர்'. 2017இல் பெரிய இசை நிறுவனத்தில் வந்த முதல் சிங்கிளின் தலைப்பே ஒரு முழு வாக்கியம்: உயர்நிலைப் பள்ளி அறிமுகம், கல்லூரி அறிமுகம் எல்லாம் தோல்வி, ஆனாலும் பெரிய நிறுவன அறிமுகம். புதிய பள்ளியில் கால் வைக்கும்போது பழைய கூச்ச சுபாவத்தை உதறிவிட்டுப் புது ஆளாகக் காட்டிக்கொள்வதை ஜப்பானில் 'உயர்நிலைப் பள்ளி அறிமுகம்' என்பார்கள். அது தெரிந்தால்தான் தலைப்பின் வலி புரியும்.

கேட்கத் தொடங்குவதற்கு ஒரு வரிசை: 'கோஹோதேகி தொபிகாதா நோ சுசுமே' (2016), 'ஜோஎன் தான்யூஷோ' (2017), 'யோஃபுகாஷி நோ உதா' (2019), 'நோபிஷிரோ' (2021), 'பிலிகென்' (2023), அதன் பிறகு 'பிளிங்-பேங்-பேங்-பார்ன்', 'ஒதோனோகே' (இரண்டும் 2024). காலவரிசையை மாற்றாதீர்கள். பின்னாலிருந்து போனால் பழைய பாட்டுகள் மெதுவாகத் தோன்றி, பாதியில் நிறுத்திவிடுவீர்கள்.

கேள்வி: அந்தப் பாட்டில் தாளம் எங்கேயோ இடறி, உடனே சமாளித்துக்கொள்வதுபோல் இருக்கிறதே, அது என்ன? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அதன் பெயர் ஜெர்சி கிளப். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து நூவர்க் நகரத்தில், பால்டிமோர் கிளப் இசையிலிருந்து கிளைத்த நடன இசை. வேகம் பொதுவாக நிமிடத்துக்கு 130 முதல் 140 அடி.

கும்பகோணத்துக்காரருக்கு இதை விளக்குவது எளிது. நான்கு அடி கொண்ட ஒரு சுற்றைப் பதினாறு எழுத்தாகப் பிரியுங்கள். அடித்தள முரசு விழும் இடங்கள் 1, 5, 9, 12, 15. சொல்கட்டாகச் சொன்னால்: தகதிமி தகதிமி தகிட தகிட தக. நான்கு, நான்கு, மூன்று, மூன்று, இரண்டு. ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்திலும் தொடையைத் தட்டுங்கள். முதல் இரண்டு தட்டும் ஒழுங்காக நடக்கும். மூன்றாவதற்குப் பிறகு இடைவெளி சுருங்கும். நீங்கள் சொல்லும் இடறல் அங்கேதான்.

பழகும்போது பலருக்கும் வரும் பிழை கடைசித் 'தக'வில். முந்தைய இரண்டு தகிடவின் இழுப்பில் அதையும் தகிடவாக்கிவிடுவார்கள். சுற்று பதினேழாகி, அடுத்த சுற்றின் தொடக்கம் ஒரு எழுத்து தள்ளிப் போகும். முதலில் நிமிடத்துக்கு 70 அடி வேகத்தில் சொல்லிப் பழகி, பிறகு கூட்டுங்கள். 130இல் ஒரு முழுச் சுற்றுக்கு இரண்டு வினாடிகூடக் கிடைக்காது.

கிரீப்பி நட்ஸின் பழைய பாணிக்கு அடித்தளம் 'பூம் பாப்' என்ற ஹிப்-ஹாப் தாளம். அதில் வேகம் 90 பக்கம், ஐந்திலும் பதின்மூன்றிலும் ஸ்னேர் முரசு விழும், தலை தானாக ஆடும். ஜெர்சி தாளத்தின் மேல் ராப் பாடுபவர் பாதி வேகத்தில், 65-70ஆக எண்ணிக்கொள்ளலாம். அப்போது ஒவ்வொரு அடிக்குள்ளும் இரண்டு மடங்கு எழுத்துகளுக்கு இடம் கிடைக்கிறது. ஒரே பாட்டு நிதானமாகவும் வெறிவேகமாகவும் கேட்பது இதனால்தான்.

கேள்வி: எனக்கு ஜப்பானிய மொழி ஒரு சொல்கூடத் தெரியாது. ஆர்-ஷிதேயின் திறமையைக் காதால் மட்டும் பிடிக்க முடியுமா? (வாசகர், கோவை)

பதில்: கட்டாயம் முடியும். பொருள் தெரியாதது சில நேரம் வசதியும்கூட.

நம் எதுகையில் இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும், மெய்தான் முக்கியம். ஜப்பானிய ராப்பில் இயைபு உயிரெழுத்துகளின் மேல் நிற்கிறது. அந்த மொழியில் உயிர் ஐந்துதான்: அ, இ, உ, எ, ஒ. இவற்றின் வரிசை ஒத்தால் போதும், மெய் எதுவாகவும் இருக்கலாம். 'ஒதோனோகே' என்ற தலைப்பையே எடுங்கள். 'ஒதோ' என்றால் ஒலி. 'மோனோனோகே' என்றால் ஆட்களைப் பிடிக்கும் ஆவி. இரண்டையும் பிளந்தால் ஒ-தொ-நொ-கெ, மொ-நொ-நொ-கெ. மெய்களை நீக்கினால் இரண்டிலும் மிஞ்சுவது ஒ-ஒ-ஒ-எ. ஆவி பிடிப்பதுபோலப் பாட்டு ஆளைப் பிடிக்கும் என்ற கருத்து முழுவதும் இந்த நான்கு எழுத்துக்குள் அடங்கிவிட்டது. 'டன்டாடான்' என்ற ஆவி-வேற்றுக்கிரகக் கதைக்குத் தொடக்கப் பாட்டாக இதைவிடப் பொருத்தமாக ஒன்றைக் கட்ட முடியாது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, தமிழருக்கு அது உடனே புரியும். ஜப்பானிய வாக்கியமும் வினைமுற்றில் முடிகிறது. 'வந்தான், சென்றான்' என்று நாம் முடித்தால் இயைபு தானாக வந்துவிடும், அதற்கு மதிப்பில்லை. அங்கும் அதே கதைதான். அதனால் தேர்ந்த ராப் பாடகர்கள் வரியைப் பெயர்ச்சொல்லில் வெட்டி நிறுத்துவார்கள். 'தைகென்தோமே' என்பது இந்த உத்தியின் பெயர், பழைய கவிதையிலேயே உண்டு.

செய்து பார்க்க: ரோமன் எழுத்தில் பாடல் வரிகளை எடுத்துக்கொண்டு ஒரு பத்தியில் மெய்களை எல்லாம் அடியுங்கள். மிஞ்சும் உயிர்களில் நான்கோ ஐந்தோ சேர்ந்து திரும்ப வரும் இடங்களை வட்டமிட்டு, அந்தப் பத்தியைத் திரும்பக் கேளுங்கள். இரண்டு எச்சரிக்கைகள். இணையத்தில் கிடைக்கும் ரோமன் வரிகளில் நெடில் பல நேரம் குறிலாகவே எழுதப்பட்டிருக்கும். அதை நம்பினால் கணக்கு உதைக்கும். அடுத்து, 'நிப்பொன்' என்ற சொல்லில் ஒற்றுகளான ப், ன் இரண்டுக்கும் தனித்தனி மாத்திரை உண்டு, மொத்தம் நான்கு. ஆனால் பாடும்போது ன் முந்தைய எழுத்தோடு ஒட்டிப்போகும். தாளில் பொருந்தாதது காதில் பொருந்துவது இப்படித்தான்.

மேடையில் அவர் செய்யும் ஒன்றையும் காணொளியில் தேடிப் பாருங்கள். பார்வையாளர்களிடம் வாய்க்கு வந்த சொற்களைக் கேட்டு வாங்கி, அத்தனையையும் கோத்து அங்கேயே பாடுவார். பத்துப் பேர் பேசுவதை ஒரே நேரத்தில் கேட்டுப் புரிந்துகொண்டதாகச் சொல்லப்படும் இளவரசர் ஷோதொகுவின் பெயரால் அதை அழைக்கிறார்கள். நம் அவதானக் கலையை அறிந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியாது.

கேள்வி: டிஜே மேடையில் தட்டைத் தேய்ப்பதைத் தவிர என்ன செய்கிறார்? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: மாட்சுனாகா 2019இல் லண்டனில் நடந்த டிஎம்சி உலக டிஜே போட்டியில், நேருக்கு நேர் மோதும் பிரிவில் வென்றவர். 2021 ஆகஸ்ட் 8ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக் நிறைவு விழாவிலும் தட்டு சுழற்றினார்.

அவர் கையைக் கவனியுங்கள். இசைத்தட்டைச் சுழற்றும் கருவிகளான சுழல்மேடைகள் இரண்டு, நடுவே ஒலிகளைக் கலக்கும் மிக்சர். சுழல்மேடைகளை 90 பாகை திருப்பி வைத்திருப்பார்கள். ஊசி தாங்கும் கை அப்பால் போய்விடும், கை வீசும்போது இடிக்காது. தட்டுக்கு அடியில் வழுக்கும் துணி வட்டம் இருக்கும். அதனால் தட்டைப் பிடித்து நிறுத்தினாலும் கீழே மேடை சுழன்றுகொண்டே இருக்கும். ஒரு கை தட்டை முன்னும் பின்னும் இழுக்க, மறு கை மிக்சரில் உள்ள கிராஸ்ஃபேடரால் ஒலியைத் திறந்து மூடும். அந்தக் கைப்பிடி ஓரிரு மில்லிமீட்டர் நகர்ந்தாலே முழு ஒலியும் திறக்கும்படி வைத்திருப்பார்கள். எழுத்துகளைப் போலத் துண்டு துண்டாக ஒலி வருவது அதனால்தான். ஊசியின் எடை குறைந்தால் அது பள்ளத்திலிருந்து துள்ளிவிடும், கூடினால் தட்டு சீக்கிரம் தேயும். இப்படித் தட்டைத் தேய்த்து ஸ்கிராட்ச் செய்பவர்கள் பலர் மூன்று கிராம் அளவில் வைக்கிறார்கள்.

கேள்வி: புகழ் வந்ததும் பாணியை விற்றுவிட்டார்கள் என்று பழைய ரசிகர்கள் திட்டுகிறார்களே? (வாசகி, சென்னை)

பதில்: நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம். 'நோபிஷிரோ'வைப் போட்டுப் பாருங்கள். 'இன்னும் வளர இடமிருக்கிறது' என்பது அதன் பொருள். 2021இலேயே குரல் மெல்லியதாகி, பல்லவி முழுப் பாட்டாகிவிட்டது. ராப்பைப் பாப்போடு கலப்பது 2024இல் தொடங்கியதல்ல.

உண்மையான திருப்பம் 2023 மார்ச் என்பது எங்கள் கணிப்பு. 'ஆல் நைட் நிப்பான்' வானொலியில் 2018 முதல் வாராவாரம் பேசி வந்தவர்கள், இசையில் முழுக் கவனம் வைப்பதற்காக அப்போது அதை நிறுத்தினார்கள். பேச்சு நின்ற பிறகு வந்த பாட்டுகளில் தாளம் துணிந்து மாறியது. 'ஜோஎன் தான்யூஷோ' என்றால் 'சிறந்த துணை நடிகர் விருது'. நாயகன் இடம் தனக்கு இல்லை என்று அதில் புலம்பியவர், 'பிளிங்-பேங்-பேங்-பார்ன்' வரும்போது ஒப்பனை இல்லாத தன் உடம்போடு அப்படியே வந்து வெல்கிறார். மந்திர உலகத்தில் மந்திரமே இல்லாமல் தசை பலத்தால் ஜெயிக்கும் நாயகன் மேஷின் கதைக்கு அது அச்சாகப் பொருந்தியது. பில்போர்டு ஜப்பானின் 2024 ஆண்டுப் பட்டியலில் முதலிடம், டிசம்பர் 31இல் ஆண்டிறுதித் தொலைக்காட்சிப் பாட்டு நிகழ்ச்சியான கோஹாகுவின் மேடை, 2025 பிப்ரவரியில் 'லீஜியன்' தொகுப்பும் டோக்கியோ டோம் கச்சேரியும்.

சந்தேகம் தீரவில்லை என்றால் 2016 பாட்டில் ஒரு பத்தி, 2024 பாட்டில் ஒரு பத்தி எடுத்து மேலே சொன்னபடி மெய்களை அடித்துப் பாருங்கள். இரண்டிலும் வட்டங்கள் நெருக்கமாகவே விழும்.